ஸ்ரீமதுரையிலிருந்து உதகைக்கு: ஒருநாள் சுற்றுச்சீட்டு நமக்குத் தேவைதானா?

மதுரை என்ற பெயரைக் கேட்டதும் அன்னை மீனாட்சியின் திருமுகமே நம் மனக்கண்ணில் தோன்றும். அதே பெயரைத் திருவோடு சேர்த்துத் தாங்கி நிற்கும் மற்றோர் ஊர் நீலகிரி மலையில் உண்டு என்பது பலரும் அறியாதது. கூடலூர் வட்டத்தில், முதுமலைக் காட்டை ஒட்டி அமைந்துள்ள அவ்வூரின் பெயர் ஸ்ரீமதுரை. நீலகிரி என்றாலே தேயிலைச் சரிவுகளை நினைப்போம். இங்கோ பள்ளத்தாக்கு நெடுகிலும் நெல்வயல்கள். வயலோரத்தில் காப்பியும் மிளகும் வாழையும் இஞ்சியும். அவற்றுக்கு அப்பால் யானைகள் உலவும் காடு. ஒரு காலத்தில் வயநாட்டைச் சேர்ந்திருந்த கூடலூர்ப் பகுதி, 1877-இல்தான் நீலகிரி மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஆகையால் தமிழும் மலையாளமும் கன்னடமும் இங்கு ஒரே கடைவீதியில் ஒலிக்கும்.

இவ்வட்டாரத்தின் வழிபாடும் வயலோடு பிணைந்தது. ஐப்பசி மாதத்தில் நடைபெறும் புத்தரித் திருவிழாவின்போது, பணியர், குறும்பர், மவுண்டாடன் செட்டி சமூகத்தார் ஒன்றுகூடிப் புத்தூர்வயலில் முதற்கதிரை அறுப்பர். அந்தக் கதிர்களை நம்பாலக்கோட்டை வேட்டைக்கொருமகன் ஆலயத்துக்கும், மங்குழி பகவதியம்மன் ஆலயத்துக்கும் ஏந்திச் சென்று படைப்பர். அர்ச்சுனனுக்குப் பாசுபதம் அருள்வதற்காகச் சிவபெருமான் வேடுவனாகவும் உமையவள் வேடுவச்சியாகவும் வந்தபோது தோன்றிய மைந்தனே வேட்டைக்கொருமகன் என்பது மரபு. தெய்வத்துக்குப் படைக்கும் வரை புது அரிசியை உண்ணாத முதியவர்கள் இன்றும் இவ்வூர்களில் இருக்கிறார்கள்.

என் தமக்கையார் வாழ்க்கைப்பட்டது இந்த ஸ்ரீமதுரைக்கு. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், ஆண்டுக்கு ஒருமுறையேனும் நானும் என் துணைவியாரும் அங்கு சென்று தங்குவது வழக்கம். அப்படித் தங்கும்போதெல்லாம் ஒருநாள் உதகைப் பயணம் உண்டு. அந்தப் பயணத்தையொட்டி வீட்டில் எழுந்த ஒரு கேள்வி, யாத்திரை செல்லும் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் இங்கு எழுதுகிறேன். சுற்றுலா ஊர்களில் விற்கப்படும் ஒருநாள் சுற்றுச்சீட்டை நம்மைப் போன்ற மூத்தவர்கள் வாங்கலாமா, வேண்டாமா என்பதே அக்கேள்வி.

சுற்றுச்சீட்டு என்பது யாது?

உதகையில் அரசுப் போக்குவரத்துக் கழகம் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுற்றுப்பேருந்துகளை இயக்குகிறது. 'சர்க்யூட் பஸ்' என்றே மக்கள் அதனைச் சொல்வர். ஒருமுறை சீட்டு வாங்கிவிட்டால் அன்று முழுவதும் அந்தப் பேருந்துகளில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். பெரியவர்களுக்கு 100 ரூபாய், சிறுவர்களுக்கு 50 ரூபாய் என்ற அளவில் இதன் கட்டணம் இருந்து வந்திருக்கிறது. படகு இல்லம், தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா, தேயிலைக் காட்சியகம் போன்ற இடங்களை அது இணைக்கிறது.

இந்தச் சீட்டு பயணத்துக்கு மட்டுமே உரியது. பூங்காவுக்கும் படகுக்கும் தனியே நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். அயல்நாடுகளில் இரண்டு வகையும் உண்டு. சிங்கப்பூரின் சுற்றுலாப் பயண அட்டை பேருந்துக்கும் ரயிலுக்கும் மட்டும் உரியது; பாரிசின் அருங்காட்சியக அட்டை நுழைவுக்கு மட்டும் உரியது. கையில் இருப்பது எந்த வகை என்று அறியாமல் கணக்குப் போட இயலாது.

இதோடு 'இ-பாஸ்' என்பதையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்கள் பெறவேண்டிய அனுமதி அது. அதற்குக் கட்டணம் கிடையாது. யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். அரசுப் பேருந்தில் வருவோருக்கு அந்தக் கவலையே இல்லை.

மணிக்கணக்கு

இனி, ஸ்ரீமதுரையிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்தின் நிலையைப் பார்ப்போம். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிக் கூடலூர் வந்து, அங்கிருந்து உதகைப் பேருந்தில் ஏறினால், நடுவட்டம், பைக்காரா வழியாக ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதை. கொய்னா மருந்துக்காகச் சிங்கோனா மரங்களை வளர்த்த நடுவட்டத்தையும், தோடர்கள் புனிதமாகப் போற்றும் பைக்காரா ஆற்றையும் கடந்து, ஒன்பது ஒன்பதரை மணிக்கு உதகையை அடையலாம். இருட்டிய பின் ஸ்ரீமதுரைச் சாலையில் யானை நடமாட்டம் உண்டு. ஆகவே மாலை நான்கு மணிக்குள் திரும்பும் பேருந்தில் அமர்ந்துவிட வேண்டும். ஆக, உதகையில் நமக்குக் கிடைப்பது ஆறரை மணி நேரம். அதில் மதிய உணவுக்கும் சற்று ஓய்வுக்கும் ஒரு மணி நேரம் போனால், மீதி ஐந்தரை மணி.

ஓரிடத்தில் இறங்கிச் சுற்றிப் பார்க்க நாற்பத்தைந்து நிமிடம், அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க இருபது நிமிடம், பயணத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஓரிடத்துக்கு எண்பது நிமிடம் ஆகிறது. ஐந்து இடங்களுக்கு ஆறு மணி நாற்பது நிமிடம் வேண்டும். நம்மிடம் உள்ள நேரத்தில் நான்கு இடங்களே முடியும். முழங்கால் வலியோடு நடப்பவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று இடங்கள் முடிந்தாலே பெரிது. அதுவும் தாவரவியல் பூங்கா 1848-இல் மலைச்சரிவில் அமைக்கப்பட்டது. மேலே செல்லச் செல்ல ஏற்றம். தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர் உயரம். காற்றும் குளிரும் மூச்சிரைப்பு உள்ளவர்களை வருத்தும். ஒருநாள் சீட்டின் விலை, உதகையிலேயே தங்கி விடியற்காலை முதல் மாலை வரை சுற்றுபவரை மனத்தில் கொண்டு வைக்கப்பட்டது.

ரூபாய்க் கணக்கு

'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. நகரப் பேருந்தில் ஒருமுறை ஏறி இறங்கப் பதினைந்து ரூபாய் ஆகும் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், நூறு ரூபாய்ச் சீட்டு ஈடுகட்ட ஏழுமுறையாவது ஏற வேண்டும். முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நான்குமுறை ஏற வேண்டும்.

பெண்களுக்கு இந்தக் கணக்கு வேறு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் திட்டம் 2021-இல் தமிழகத்தில் தொடங்கியது. 2024-இல் அது நீலகிரி உள்ளிட்ட மலைப்பகுதிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. சுற்றுப்பேருந்தில் அச்சலுகை இல்லை; நெடுந்தூரப் பேருந்துகளுக்கும் பொருந்தாது. ஏறுமுன் நடத்துநரிடம் கேட்டுக்கொள்வது நலம். ஆனால் உதகை நகருக்குள் நகரப் பேருந்தில் செல்லும் ஒரு பாட்டியம்மாவுக்கு நூறு ரூபாய்ச் சீட்டு எந்த மிச்சத்தையும் தருவதில்லை.

சென்னையில் வாழும் மூத்தவர்களுக்கு ஒரு சொல். அறுபது வயது நிறைந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதந்தோறும் வழங்கும் பத்து இலவசச் சீட்டுகள் சென்னைப் பேருந்துகளுக்கு மட்டுமே உரியவை. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய நினைவில் அவற்றைச் செலவுத் திட்டத்தில் சேர்த்துவிடக் கூடாது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தொட்டபெட்டா ஊரிலிருந்து ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் தொலைவில் கோத்தகிரிச் சாலைப் பக்கம் உள்ளது. அங்கும் தேயிலைக் காட்சியகத்துக்கும் செல்ல விரும்பும் குடும்பம் வாடகை வண்டி அமர்த்தினால் பல நூறு ரூபாய் செலவாகும். அவர்களுக்குச் சுற்றுச்சீட்டு உண்மையிலேயே மலிவு. பேருந்து சிகரம் வரை செல்கிறதா, சந்திப்பிலேயே நின்றுவிடுகிறதா என்பதை மட்டும் சீட்டு வாங்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

தரிசனக் கணக்கு

மேற்சொன்ன இரண்டு கணக்குகளையும் பயண முகவர் எவரும் போட்டுத் தருவார். அவர் போட்டுத் தராத கணக்கு ஒன்று உண்டு. நாம் எதற்காகப் போகிறோம் என்பதே அது.

உதகையில் நாம் தரிசிக்க விரும்பும் திருக்கோயில்களை எண்ணிப் பார்ப்போம். முதலாவது, கடைவீதிப் பகுதியில் அருளும் மாரியம்மன் ஆலயம். மாரியம்மனும் காளியம்மனும் ஒரே பீடத்தில் அருகருகே வீற்றிருந்து அருள்பாலிப்பது இத்தலத்தின் சிறப்பு. செவ்வாய்க்கிழமைச் சந்தைக்கு வந்திருந்த வணிகர்கள் முன் இரு பெண்கள் தோன்றித் தங்குவதற்கு இடம் கேட்டு மறைந்தனர் என்று தலவரலாறு சொல்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் பெருந்திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சமூகத்தார் உபயம் ஏற்பர். தேரோட்டத்தன்று பக்தர்கள் தேரின்மீது உப்பை வீசி வேண்டிக்கொள்வர்.

இரண்டாவது, காந்தலில் உள்ள காசி விஸ்வநாதர் ஆலயம். காசிக்குச் செல்ல இயலாதவர்கள் இங்கு வந்து மனநிறைவு பெறுகிறார்கள். மூன்றாவது, எல்க் மலையில் எழுந்தருளியிருக்கும் முருகன் ஆலயம். மலேசியாவின் பத்துமலை முருகனை நினைவூட்டும் நெடிய திருவுருவம் அங்கு உண்டு.

இம்மூன்றில் எதுவும் சுற்றுப்பேருந்தின் முதன்மை நிறுத்தம் அன்று. ரோஜாப் பூங்கா எல்க் மலைச் சரிவில் அமைந்திருப்பதால், முருகனைத் தரிசிக்க மட்டும் அந்த நிறுத்தம் ஓரளவு உதவலாம். காந்தலுக்கோ சுற்றுச்சீட்டே வேண்டாம். கூடலூரிலிருந்து வரும் பேருந்து ஊருக்குள் நுழையும் வழியிலேயே பிங்கர்போஸ்ட் வருகிறது; அங்கு இறங்கினால் காந்தல் அருகில்தான். மாரியம்மன் ஆலயம் பேருந்து நிலையத்திலிருந்து நெடுந்தொலைவு இல்லை.

மேலும், கோயிலுக்கு நடை திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் உண்டு. பூங்காவுக்கு நண்பகலிலும் போகலாம். அம்பாளை நண்பகலில் தரிசிக்க இயலாது. காலையில் சுற்றுச்சீட்டை வாங்கியவர், கொடுத்த பணத்தை மீட்கும் வேகத்தில் முதலில் படகு இல்லத்துக்கும் பூங்காவுக்கும் சென்று, நடை சாத்திய பிறகே கோயில் வாசலுக்கு வந்து சேர்வார்.

தமக்கையாரின் நேர்த்தி

என் தமக்கையாருக்கு எழுபத்துநான்கு வயது. பேரன் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, உதகை மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் செலுத்துவதாக நேர்ந்துகொண்டிருந்தார். பேரன் எழுந்து பள்ளிக்கும் சென்றுவிட்டான். அதன்பின் அவர் மூன்று முறை உதகைக்குச் சென்றார். மூன்று முறையும் கோயிலுக்குள் அடியெடுத்து வைக்கவில்லை. ஒருமுறை படகுக்கு வரிசையில் நின்றதில் நேரம் போயிற்று. இன்னொருமுறை பூங்காவின் ஏற்றத்தில் கால் ஓய்ந்து, நுழைவாயில் இருக்கையிலேயே அமர்ந்துவிட்டார். மூன்றாம் முறை கோயிலுக்குச் சென்றபோது நடை சாத்தியிருந்தது; கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. குடும்பத்தில் எவரும் அவரைத் தடுக்கவில்லை. அவரும் எவரிடமும் வற்புறுத்தவில்லை. பிள்ளைகள் ஆசையாகப் புறப்படும்போது தன் நேர்த்தியைச் சொல்லித் தாமதப்படுத்துவானேன் என்று எண்ணிவிடுவார். நம் வீட்டு மூதாட்டிகள் பெரும்பாலும் அப்படித்தான்.

சென்ற ஆண்டுப் பயணத்துக்கு முந்தைய இரவு, மருமகன் கைப்பேசியில் கணக்குப் பார்த்தான். "மாமா, பெரியவங்க அஞ்சு பேர், பசங்க ரெண்டு பேர். அறுநூறு ரூபாயில எல்லாருக்கும் சீட்டு எடுத்துரலாம். அம்மா, அத்தை, நீங்க எல்லாரும் எங்கேயும் சிரமப்படாம பஸ்லயே சுத்திரலாம்" என்றான். அவன் அன்போடுதான் சொன்னான்.

தமக்கையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நூறு ரூபாய் குடுத்துட்டா எல்லா இடத்துலயும் இறங்கணும்ல? நான் இறங்கலைன்னா காசு வீணாப் போச்சேன்னு உங்களுக்கு இருக்கும். எனக்கு ஆத்தா கோயில் ஒண்ணு போதும்" என்றார். மூன்று ஆண்டு மனக்குறை அந்த மூன்று வாக்கியத்தில் வெளிப்பட்டது. வங்கியில் முப்பது ஆண்டுகள் வாடிக்கையாளர்களிடம் சொல்லிய பாடத்தை அவர் தம் போக்கில் சொல்லிவிட்டார். கொடுத்துவிட்ட பணம் திரும்பாது. அதை ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணத்தில் மேலும் உழைப்பையும் நேரத்தையும் கொட்டுவதே பெருநட்டம்.

அன்றிரவே கணக்கை மாற்றினோம். குடும்பம் முழுவதற்கும் ஒரே முடிவு வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டோம். மருமகன், அவன் மனைவி, குழந்தைகள் இருவர் ஆகிய நால்வருக்கு மட்டும் சுற்றுச்சீட்டு. செலவு 300 ரூபாய். தொட்டபெட்டாவும் தேயிலைக் காட்சியகமும் பார்க்க அவர்களுக்கு அது மிகவும் பயன்பட்டது. தமக்கையாரும் என் துணைவியாரும் நானும் பிங்கர்போஸ்ட்டில் இறங்கி, காந்தலில் விஸ்வநாதரைத் தரிசித்தோம். அங்கிருந்து நகரப் பேருந்து. பெண்கள் இருவருக்கும் கட்டணம் இல்லை. பதினொன்றரை மணிக்குள் மாரியம்மன் சந்நிதியில் இருந்தோம்.

ஸ்ரீமதுரையிலிருந்து மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்த உப்பையும் மிளகையும் தமக்கையார் செலுத்தினார். அர்ச்சனை முடிந்தபின்னும் வெகுநேரம் எழவில்லை. ஒரே பீடத்தில் அமர்ந்த இரு அன்னையரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்ற பேச்சு எங்களில் எவருக்கும் எழவில்லை. எல்க் மலைக்கு அன்று செல்லவில்லை. உணவருந்தி, பேருந்து நிலையத்தில் அமர்ந்து, மூன்றரை மணிக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளுடன் ஊர் திரும்பினோம்.

பிற ஊர்களில்

பிள்ளைகளின் அழைப்பின் பேரில் அயல்நாடு செல்லும் அன்பர்களுக்கும் இதே அளவுகோல் உதவும். சிங்கப்பூரில் 1827-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் சைனாடவுன் ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. வீரமாகாளியம்மன், ஸ்ரீனிவாசப் பெருமாள் ஆலயங்கள் சிராங்கூன் சாலையில் உள்ளன. இடையில் சில நிலையங்களே. தரிசனத்துக்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. ஒருநாளில் இரண்டு மூன்று முறை மட்டும் ரயில் ஏறுபவருக்குத் தனித்தனிக் கட்டணமே போதும். நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நாள் முழுவதும் சுற்ற விரும்பும் பேரப்பிள்ளைகளுக்கே பயண அட்டை.

சீட்டு வாங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

ஒன்று: இச்சீட்டு பயணத்துக்கா, நுழைவுக்கா, இரண்டுக்குமா?

இரண்டு: நான் அவசியம் தரிசிக்க விரும்பும் கோயில் இதன் வழித்தடத்தில் உள்ளதா? அதன் நடை எப்போது சாத்தப்படும்?

மூன்று: அந்த ஊரில் எனக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு? என் கால்கள் எத்தனை முறை ஏறி இறங்க இடம் தரும்?

நான்கு: பெண்களுக்கும் மூத்தவர்களுக்கும் அங்கு ஏற்கெனவே உள்ள சலுகைகள் யாவை?

ஐந்து: வீட்டில் எவரேனும் சொல்லாமல் வைத்திருக்கும் நேர்த்தி உண்டா? இதை இளையவர்களே முந்திக்கொண்டு கேட்க வேண்டும். பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கட்டணங்களும் வழித்தடங்களும் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியவை. ஆகவே பயணத்தன்று உதகைப் பேருந்து நிலையத்தில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். கோடையில் செல்வோர் கூட்டத்தையும், ஆடி ஆவணியில் செல்வோர் மழையையும் எதிர்பார்த்துச் செல்ல வேண்டும். ஐப்பசியில் செல்வோர் கூடலூரில் ஒருநாள் தங்கிப் புத்தரியையும் கண்டு, நம்பாலக்கோட்டையில் வேட்டைக்கொருமகனை வணங்கி, மறுநாள் உதகைக்கு ஏறலாம். கம்பளியும் அன்றாட மருந்தும் கைப்பையில் இருக்கட்டும். முதலில் அன்னையின் சந்நிதி, பிறகு நேரமும் உடலும் இடம் தந்தால் மலர்ப்பூங்கா என்று வரிசைப்படுத்திக்கொண்டால், பயணம் நிறைவாக அமையும்.